கையொப்பத்திற்குச் சாட்சி யார்?
ஏற்றுமதிப் பத்திரங்களை அத்தாட்சிப்படுத்தும் முறையின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கடல்கடந்த வாணிபத்தின் வரலாற்றை எழுதுவோர் கப்பல்களையும் துறைமுகங்களையும் பண்டங்களையும் பற்றியே பெரிதும் பேசுவர். பண்டத்துடன் பயணஞ் செய்த கடதாசியைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. ஆயினும் கப்பல் கரையை அடைந்த பின்னரும், பத்திரம் குறைபாடுடையதாயின் பண்டம் சுங்கக் களஞ்சியத்திற் கிடக்க நேரிடும். ஒரு நாட்டு வணிகர் இட்ட கையொப்பத்தை, அவரை அறியாத பிறநாட்டு அதிகாரி எதனைக் கொண்டு நம்புவது? இவ்வினாவுக்கு அரசுகளும் வணிகரும் கண்ட விடைகளையும், அவ்விடைகளின் சுமை யார்மேல் விழுந்தது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுங்கத் தீர்வை பண்டத்தின் பெறுமதியை அடிப்படையாகக் கொண்டு அறவிடப்படுமிடத்து, விலைப்பட்டியலிற் பெறுமதியைக் குறைத்துக் காட்ட வணிகர் முற்படுவர் என்ற ஐயம் இறக்குமதி நாட்டிற்கு எழுவது இயல்பு. இவ்வையத்தின் விளைவாகத் தோன்றியதே கொன்சல் விலைப்பட்டியல் ஆகும். ஐக்கிய அமெரிக்கா 1863 ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம் இதற்குத் தக்க சான்றாகும். அதன்படி விலைப்பட்டியல் மூன்று பிரதிகளாக அமைதல் வேண்டும். ஏற்றுமதியாகும் நாட்டிலுள்ள அமெரிக்கக் கொன்சலின் முன்னிலையில் அது சமர்ப்பிக்கப்படல் வேண்டும். ஒரு பிரதி சமர்ப்பித்தவரிடம் மீள்கையளிக்கப்பட்டது. மற்றொன்று கொன்சலின் அலுவலகத்திற் பேணப்பட்டது. மூன்றாவது, பண்டம் இறங்கும் துறைமுகத்தின் சுங்க அதிகாரிக்கு நேரே அனுப்பப்பட்டது. வணிகர் இடையில் எண்களை மாற்றின் பிரதிகள் அவரைக் காட்டிக்கொடுக்கும் என்பதே இதன் உட்பொருள்.

மோசடியைத் தடுக்கப் பிறந்த இம்முறை நாளடைவில் வருமானம் தேடும் வழியாகவும் மாறியது. சில நாடுகள் பண்டத்தின் பெறுமதியில் ஒரு வீதத்தையே முத்திரைக் கட்டணமாக அறவிட்டன. ஆதலின் அது வேறொரு பெயர் கொண்ட தீர்வையாகவே அமைந்தது எனலாம். இக்குறையை நீக்கும் பொருட்டு, சர்வதேச சங்கத்தின் ஆதரவில் 1923 நவம்பர் 3 ஆம் திகதி ஜெனீவாவிற் சுங்க நடைமுறைகளை எளிமையாக்கும் உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டது. உற்பத்தி மூலச் சான்றிதழ் கோரும் சந்தர்ப்பங்களைக் குறைத்தல், அரச அதிகாரிகளேயன்றி வர்த்தக சம்மேளனங்கள் போன்ற அமைப்புகளும் அச்சான்றிதழை வழங்க இடமளித்தல், கொன்சல் கட்டணத்தை இயன்றவரை குறைந்த நிலையான தொகையாக்கல் ஆகியன அதன் முக்கிய அம்சங்களாகும். இலங்கையில் 1839 ஆம் ஆண்டிலேயே வர்த்தக சம்மேளனம் தோன்றிவிட்டமை இங்கு நினைவுகூரத்தக்கது. 1948 இல் இலங்கை இணைந்துகொண்ட காட் எனப்படும் தீர்வை வர்த்தகப் பொது உடன்படிக்கையின் எட்டாம் உறுப்புரையும், இத்தகைய கட்டணங்கள் வழங்கப்படும் சேவைக்கான செலவை அண்மித்த அளவிற்கு மேற்படலாகாது என விதித்தது.

இவ்வரலாற்றின் முரண்பாடுமிக்க அத்தியாயம் 1961 ஒக்டோபர் 5 ஆம் திகதிய ஹேக் உடன்படிக்கையாகும். ஒரு பொதுப் பத்திரத்தின் கையொப்பத்தை அதிகாரி ஒருவர் உறுதிப்படுத்த, அவரது கையொப்பத்தை அமைச்சு உறுதிப்படுத்த, அமைச்சின் முத்திரையைத் தூதரகம் உறுதிப்படுத்துதல் என நீண்ட சங்கிலியை அவ்வுடன்படிக்கை அறுத்தது. 'அப்போஸ்தில்' எனப்படும் ஒரே சான்று போதுமானதாயிற்று. ஆனால் வர்த்தக அல்லது சுங்க நடவடிக்கைகளோடு நேரடித் தொடர்புடைய நிர்வாகப் பத்திரங்களை அதன் முதலாம் உறுப்புரை விலக்கிவைத்தது. அத்தகைய பத்திரங்கள் பல நாடுகளில் ஏற்கனவே இலகுவான நடைமுறைக்கு உட்பட்டிருந்தமையால், புதிய சான்றொன்றைச் சுமத்தலாகாது என்பதே அதற்குக் காரணம். நன்னோக்குடன் செய்யப்பட்ட இவ்விலக்கு, பழைய சங்கிலியை விடாது பற்றியிருந்த நாடுகளோடு வாணிபஞ் செய்வோருக்குப் பயனளிக்கவில்லை.

இங்கு ஓர் உண்மையை வலியுறுத்தல் வேண்டும். இம்முத்திரைகள் பண்டத்தின் தரத்தையோ பெறுமதியையோ உறுதிப்படுத்துவன அல்ல. கையொப்பம் உண்மையானது, கையொப்பமிட்டவர் அப்பதவியை வகிப்பவர், முத்திரை போலியன்று என்பன மாத்திரமே அவை கூறுவன. வங்கியும் நாணயக் கடிதத்தின் பேரில் பணம் செலுத்தும்போது பண்டத்தைப் பார்ப்பதில்லை, பத்திரத்தையே பார்க்கின்றது. எனவே முத்திரையொன்று தவறினும் வணிகரது பணம் தடைப்படலாம். இதனால் முத்திரை அரசியற் கருவியாகவும் பயன்பட்டது. இஸ்ரேலுக்கு எதிரான பகிஷ்கரிப்பின் பொருட்டு அரபு நாடுகள் மூலச் சான்றிதழ்களிற் கோரிய எதிர்மறை வாசகங்களும், அப்பகிஷ்கரிப்புக்குத் தன் நாட்டு நிறுவனங்கள் துணைபோதலைத் தடுக்க 1977 இல் ஐக்கிய அமெரிக்கா இயற்றிய சட்டமும் இதனைப் புலப்படுத்தும்.

எமது நாட்டில் 1981 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கக் கொன்சல் பணிகள் சட்டம் பத்திரங்களை அத்தாட்சிப்படுத்தும் பணிக்குச் சட்ட அடிப்படை வகுத்தது. மத்திய கிழக்குச் சந்தைக்குத் தேயிலை அனுப்பும் பெரு நிறுவனத்திற்கு, சம்மேளனம், அமைச்சு, தூதரகம் எனச் சென்றுவரத் தனி ஊழியர் உளர். வன்னியிலோ மட்டக்களப்பிலோ உள்ள சிறு உற்பத்தியாளரின் நிலை வேறு. தூதரகங்கள் கொழும்பிலேயே உள்ளன. சில நாடுகளுக்குக் கொழும்பில் தூதரகமே இல்லாமையாற் புதுடில்லியை நாடவேண்டியுமுள்ளது. கட்டணம் ஒன்றேயாயினும், நூறு பெட்டி அனுப்புபவருக்கு அது சிறு தொகை. ஐந்து பெட்டி அனுப்புபவருக்கோ அது இலாபம் முழுவதும். சமமாக விதிக்கப்பட்ட விதி சமமான சுமையாவதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2017 இல் தொடங்கிய பதிவுசெய்த ஏற்றுமதியாளர் முறை, தனது வர்த்தகச் சலுகைத் திட்டத்தில் அரச அதிகாரியின் சான்றுக்குப் பதிலாக ஏற்றுமதியாளரின் கூற்றையே படிப்படியாக ஏற்கலாயிற்று. வணிகர் பொய்யுரைப்பார் என்ற ஐயத்திற் பிறந்த முறை, மீண்டும் வணிகரின் சொல்லிடமே வந்து சேர்ந்துள்ளது. ஆயின் அச்சொல் பின்னர் விசாரணைக்கும் தண்டனைக்கும் உட்பட்டது என்பதே வேறுபாடு. முன்கூட்டியே அனைவரையும் ஐயுறுதலினும், பிழைத்தோரைப் பின்னர் பொறுப்புக்கூற வைத்தலே நீதியாகும். முத்திரைகளின் எண்ணிக்கை பெருகுதல் நம்பிக்கை பெருகியதற்கு அறிகுறியன்று. நம்பிக்கை குன்றியதற்கே அறிகுறியாகும். அக்குறையின் விலையை மிகச் சிறிய வணிகரே மிகுதியாகச் செலுத்தி வந்துள்ளார் என்பதே இவ்வரலாறு எமக்கு உணர்த்தும் உண்மையாகும்.