பல்துறை வலி மருத்துவ நிலையம்

பல்துறை வலி மருத்துவ நிலையம் என்பது நாட்பட்ட வலியால் அவதியுறும் நோயாளிகளை மருத்துவர், உளவியலாளர், இயன்முறை மருத்துவர், செவிலியர் முதலிய பல துறையினர் ஒரே குழுவாக இருந்து, ஒரே திட்டத்தின் கீழ்ப் பராமரிக்கும் மருத்துவ அமைப்பு ஆகும். வலிக்கு ஊசி மட்டும் போடும் நிலையங்களும் பேச்சு வழக்கில் வலி கிளினிக் என்றே அழைக்கப்படுவதால் இவ்விரண்டும் ஒன்றென்று பலர் கருதுகின்றனர், அது சரியன்று. இவ்வமைப்பின் முன்மாதிரி, அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1960களில் ஜான் பொனிக்கா என்னும் மயக்க மருத்துவரால் உருவாக்கப்பட்டது.

தேவை

அடிபட்டவுடன் தோன்றும் வலி ஓர் எச்சரிக்கை. காயம் ஆறியதும் அதுவும் மறைந்துவிடும். மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் வலியே நாட்பட்ட வலி எனப்படுகிறது. இடுப்புவலி, மூட்டுவாத வலி, நரம்புச் சேதத்தால் வரும் வலி, அறுவைக்குப் பின் நீங்காத வலி ஆகியன இதில் அடங்கும். உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பகுப்புப் பட்டியலின் 11 ஆவது பதிப்பு 2022 இல் நடைமுறைக்கு வந்தபோது நாட்பட்ட வலி தனித் தலைப்பாக இடம்பெற்றது. வேறொரு நோயின் அறிகுறியாக மட்டுமன்றி, சில நிலைகளில் வலியே நோயாகவும் இருக்கலாம் என்பதை அது ஏற்றுக்கொண்டது.

இத்தகைய நோயாளி பெரும்பாலும் எலும்பு மருத்துவரிடமும், பின்னர் நரம்பியல் மருத்துவரிடமும், அறுவை மருத்துவரிடமும் மாறி மாறிச் செல்கிறார். ஒவ்வொருவரும் தம் துறைக்கு உரிய சோதனையைச் செய்து, தம் துறையில் குறை ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுகின்றனர். மருந்துச் சீட்டுகள் சேர்கின்றன. ஒருவர் எழுதியதை மற்றவர் அறிவதில்லை. படத்தில் ஒன்றும் தெரியாததால் நோயாளி நடிக்கிறார் என்ற ஐயமும் குடும்பத்திலும் பணியிடத்திலும் எழுகிறது. வலியை விட இந்த ஐயமே தம்மை வருத்துவதாகக் கூறும் நோயாளிகள் பலர்.

பொனிக்கா

ஜான் பொனிக்கா 1917 இல் இத்தாலியின் ஃபிலிக்கூடி தீவில் பிறந்து, 1927 இல் குடும்பத்துடன் அமெரிக்காவில் குடியேறியவர். மருத்துவக் கல்விக்கான பணத்தை முகமூடியணிந்த தொழில்முறை மல்யுத்த வீரராக இருந்து ஈட்டினார். மல்யுத்தத்தில் ஏற்பட்ட காயங்கள் அவருக்கு வாழ்நாள் முழுதும் நீங்காத வலியைத் தந்தன. பல அறுவைகளுக்கும் அவர் உட்பட நேர்ந்தது. வலி மருத்துவத்தின் தந்தை எனப்படுபவர் தாமே வலி நோயாளி என்பது இத்துறையின் வரலாற்றில் சிறிய செய்தியன்று.

இரண்டாம் உலகப் போரின்போது வாஷிங்டன் மாநிலத்தின் மேடிகன் இராணுவ மருத்துவமனையில் மயக்க மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய அவர், வலி நீங்காத படைவீரர்களைக் கண்டார். நரம்பைச் சுற்றி மருந்து செலுத்தும் தம் முறை பலருக்குப் பயன்படவில்லை. ஏனைய துறை மருத்துவர்களைத் தனித்தனியே கேட்டபோது மாறுபட்ட விடைகள் கிடைத்தன. அவர்களை ஒரே மேசையில் அமர்த்திப் பேசவைத்தபோதுதான் தெளிவு பிறந்தது. போருக்குப் பின் தக்கோமா நகர மருத்துவமனையிலும் இம்முறையைத் தொடர்ந்தார். 1953 இல் வெளியான அவரது "வலி மேலாண்மை" என்னும் பெருநூல் இத்துறையின் முதல் விரிவான பாடநூலாகக் கருதப்படுகிறது.

1960 இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மயக்க மருத்துவத் துறையின் தலைவரானார். அங்கு நரம்பு அறுவை மருத்துவர் லோவெல் வைட், செவிலியர் டொரத்தி குரோலி ஆகியோருடன் சேர்ந்து வலி நிலையத்தைத் தொடங்கினார். தொடக்கக் குழுவிலேயே ஒரு செவிலியர் இடம்பெற்றது குறிப்பிடத்தக்கது. 1973 இல் சியாட்டில் அருகே இசக்குவா என்னுமிடத்தில் பொனிக்கா கூட்டிய மாநாட்டிலிருந்து பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் உருவாயிற்று. அவர் 1994 இல் காலமானார்.

செயற்படும் விதம்

1965 இல் ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் வெளியிட்ட வாயிற் கட்டுப்பாட்டுக் கோட்பாடு, வலிச் செய்தி முதுகுத் தண்டிலேயே கூட்டவோ குறைக்கவோ படுகிறது என்றும், மூளையிலிருந்து இறங்கும் செய்திகளும் அதனை மாற்றுகின்றன என்றும் கூறியது. கோட்பாட்டின் நுண்விவரங்கள் பின்னர் திருத்தப்பட்டன. எனினும் அச்சம், கவனம், முன்னனுபவம் ஆகியவை வலியின் அளவை மாற்றும் என்பதற்கு உடலியல் அடிப்படை கிடைத்தது. உளவியலாளர் வலிக் குழுவில் இடம்பெற்றது இதனால்தான். வலி கற்பனை என்பதால் அன்று.

அவ்வாறு சியாட்டில் குழுவில் சேர்ந்த வில்பர்ட் ஃபோர்டைஸ் என்னும் உளவியலாளர் நிலையத்தின் அன்றாட நடைமுறையையே மாற்றியமைத்தார். வலி வந்தபோது மாத்திரை, வலி வந்தபோது ஓய்வு என்ற வழக்கம் வலியையும் வெகுமதியையும் பிணைத்துவிடுகிறது என்பது அவர் கருத்து. எனவே மருந்து கடிகாரத்தைப் பார்த்துத் தரப்பட்டது, வலியைப் பார்த்தன்று. நடை, உடற்பயிற்சி ஆகியவற்றுக்கு நாளளவு வகுக்கப்பட்டது. நோயாளி அந்த அளவை முடித்த பின்னரே ஓய்வெடுப்பார், வலித்தவுடன் நிறுத்துவதில்லை. நன்றாக உள்ள நாளில் அளவை மீறிச் செய்வதும் தடுக்கப்பட்டது.

மருந்தைக் குறைப்பதற்கு அவர்கள் கையாண்ட முறையும் கவனிக்கத்தக்கது. நோயாளி உட்கொண்டுவந்த மருந்துகள் ஓர் இனிப்புப் பாகில் கலக்கப்பட்டன. பாகின் அளவும் சுவையும் மாறா. உள்ளிருக்கும் மருந்து மட்டும் படிப்படியாகக் குறையும். குறைக்கப்படும் என்பது முன்பே கூறப்படும். எந்த நாளில் எவ்வளவு என்பது கூறப்படாது. குடும்பத்தினருக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. முனகலுக்கு ஓடிவருவதை விட்டு, அவர் எழுந்து நடக்கும்போது உடனிருந்து பேசும்படி அவர்களிடம் கூறப்பட்டது. இது இரக்கமற்ற முறை என்ற குறை கூறப்பட்டதுண்டு. தெளிவான விளக்கமின்றிச் செய்யப்படுமாயின் அக்குறை நியாயமானதே.

சேரும் நோயாளியைக் குழுவினர் தனித்தனியே பரிசோதித்த பின்னர் ஒன்றுகூடி முடிவெடுப்பர். அறுவையால் தீரக்கூடிய நோய் இருக்கிறதா என்பதே முதற் கேள்வி. இல்லையெனில் பல வாரங்கள் நீளும் மறுவாழ்வுத் திட்டத்தில் சேர்க்கப்படுவார். வலியை முற்றாக நீக்குவது இலக்கன்று என்பது முதல் நாளே சொல்லப்படும். வேலைக்குத் திரும்புதல், மாடிப்படி ஏறுதல், குழந்தையைத் தூக்குதல் போன்றவையே இலக்குகள்.

பலன்

1992 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 65 ஆய்வுகளை ஒப்பிட்டு, இந்நிலையங்களில் பராமரிக்கப்பட்டோர் வேலைக்குத் திரும்புவது உட்படப் பல வகைகளில் மேம்பட்டிருந்ததாகக் கூறியது. நாட்பட்ட இடுப்புவலி குறித்துப் பின்னர் வந்த காக்ரேன் மதிப்பாய்வும் வழமையான மருத்துவத்தை விட இதனால் வலியும் இயலாமையும் குறைவதாகக் கண்டது. ஆயினும் குறைவின் அளவு பெரிதன்று.

வீழ்ச்சி

பலன் இருந்தும் அமெரிக்காவில் இந்நிலையங்கள் நிலைக்கவில்லை. 1990களின் இறுதியிலிருந்து பல மூடப்பட்டன. காப்புறுதி நிறுவனங்கள் ஊசிக்கும் அறுவைக்கும் தனித்தனியே பணம் கொடுத்தன. ஆறு பேர் அமர்ந்து ஒரு நோயாளியைப் பற்றிப் பேசும் ஒரு மணிநேரத்துக்குக் கட்டணப் பட்டியலில் இடமில்லை. மாத்திரையோ மலிவாகத் தோன்றியது. 1996 இல் பர்டியூ நிறுவனம் ஆக்சிகான்டின் என்னும் அபின் வகை மருந்தைச் சந்தைக்குக் கொண்டுவந்து, அடிமையாக்கும் ஆபத்து குறைவு என்று மருத்துவர்களிடம் பரப்பியது. தவறான விளம்பரம் தொடர்பில் அதனுடன் தொடர்புடைய நிறுவனம் 2007 இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2020 இல் பர்டியூ நிறுவனமும் கூட்டாட்சிக் குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டது. இதற்கிடையில் அளவுமீறிய அபின் மருந்துகளால் இலட்சக்கணக்கானோர் இறந்தனர்.

எதிர்த்திசையிலும் துன்பம் நேர்ந்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2016 இல் வெளியிட்ட வழிகாட்டியைச் சட்டம் போலக் கொண்டு, ஆண்டுக்கணக்கில் மருந்து உண்டுவந்தோருக்குச் சிலர் திடீரென அதை நிறுத்தினர். கூட இருந்து படிப்படியாகக் குறைக்கும் குழு எதுவும் அப்போது அவர்களுக்கு அருகில் இல்லை. 2022 இல் அவ்வழிகாட்டி திருத்தப்பட்டு, திடீர் நிறுத்தத்துக்கு எதிரான எச்சரிக்கை வலியுறுத்தப்பட்டது.

கேரள முறை

பல வல்லுநர்களைச் சம்பளத்தில் அமர்த்த இயலாத இடத்தில் என்ன செய்வது என்பதற்குக் கேரளம் வேறொரு விடை கண்டது. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993 இல் மயக்க மருத்துவர்களான எம். ஆர். இராஜகோபால், சுரேஷ்குமார் முதலியோர் வலி மற்றும் நோய்த்தணிப்புப் பராமரிப்புச் சங்கத்தைத் தொடங்கினர். பின்னர் மலப்புறம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற அண்டை அயலாரே வீடுதோறும் சென்று பராமரிக்க, செவிலியரும் மருத்துவரும் துணைநிற்கும் முறை வளர்ந்தது. 2008 இல் கேரள அரசு நோய்த்தணிப்புப் பராமரிப்புக் கொள்கையை அறிவித்தது. இது முதன்மையாகப் புற்றுநோயாளிகள், பக்கவாதம் கண்டோர், படுக்கையிலுள்ள முதியோர் ஆகியோருக்கானது; சியாட்டில் முறையைப் போல வேலைக்குத் திருப்பி அனுப்பும் நோக்குடையதன்று. இங்கு இடர் மாத்திரை மிகுதியால் வரவில்லை. 1985 ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால் மார்ஃபின் பெறுவதற்குப் பல உரிமங்கள் தேவைப்பட்டு, கடும் வலியுள்ளோருக்கும் அது கிடைக்காமற் போனதே இந்தியாவின் இடர். 2014 இல் அச்சட்டம் திருத்தப்பட்டு உரிம முறை எளிதாக்கப்பட்டது.