டீசல் திருடன் பட்டமும் ஒரு ஓஸ் கிளிப்பும்

எங்க தாய்மாமா லாரி டிரைவர். இருபது வருஷத்துக்கும் மேல சேலம் - பெங்களூரு ரூட்டுல ஓட்டினவர். 2009 மே மாசம் அவருக்கு ஒரு பட்டம் கிடைச்சது. டீசல் திருடன்! கொடுத்தது அவரோட லாரி ஓனர். அந்த மாசம் மைலேஜ் கணக்கு இடிச்சிருச்சு. எப்பவும் வர்றதைவிட ஒவ்வொரு டிரிப்புக்கும் டீசல் கூடுதலா போகுது. "வழியில எங்கயோ இறக்கி வித்துட்டான்"னு ஆபீஸ்ல நாலு பேர் முன்னாடி சொல்லி, பேட்டாவையும் பிடிச்சுட்டார். மாமா வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசலை.

குற்றவாளி கடைசியில பிடிபட்டான். அவன் ஒரு ஓஸ் கிளிப். அதாங்க, ரப்பர் குழாயைச் சுத்தி ஸ்க்ரூ வெச்சு இறுக்குற தகடு. நம்ம வீட்டு கேஸ் அடுப்பு டியூப்லகூட குட்டியா ஒண்ணு இருக்குமே, அதோட பெரியண்ணன். இவ்வளவு சின்ன சாமான் எப்படி ஒரு மனுஷனைத் திருடனாக்குச்சுன்னு புரிய, நூறு வருஷம் பின்னாடி போகணும். கொஞ்சம் பொறுமையா கூட வாங்க.

டீசல் எரிய காத்து வேணும். காத்தை அமுக்கி அதிகமா உள்ள திணிச்சா, அதே எஞ்சின்ல அதிக டீசலை எரிச்சு அதிக சக்தி எடுக்கலாம். வீணாப் போற புகையோட வேகத்தை வெச்சே ஒரு சக்கரத்தைச் சுத்தி, அதால காத்தை அமுக்கலாம்னு யோசிச்சவர் ஸ்விட்சர்லாந்துக்காரர் ஆல்ஃப்ரட் பூச்சி (பெயர் அப்படித்தான், சிரிக்காதீங்க). 1905ல காப்புரிமை வாங்கிட்டார். ஆனா அந்தச் சூட்டைத் தாங்குற உலோகம் அப்போ இல்லை. உருப்படியா வேலை செய்யுற டர்போவை அவர் காட்ட இன்னும் இருபது வருஷம் ஆச்சு. 1920களின் நடுவுல ரெண்டு ஜெர்மன் பயணிகள் கப்பல்ல மாட்டினாங்க. 1,750 குதிரைத்திறன் கொடுத்த எஞ்சின் 2,500க்கு எகிறுச்சு.

இதுக்கு நடுவுல அமெரிக்காவுல சான்ஃபோர்ட் மாஸ்ங்கிற எஞ்சினியர் 1918ல ஒரு விமான எஞ்சினை லாரியில ஏத்தி, 14,000 அடிக்கு மேல உயரமான பைக்ஸ் பீக் மலை உச்சிக்கே கொண்டு போனார். தரையில 350 குதிரைத்திறன் கொடுத்த எஞ்சின், மேல காத்து மெலிசா இருந்ததால 230தான் கொடுத்துச்சு. டர்போ மாட்டினதும் 356! விமானக்காரங்க விடுவாங்களா?

ஆனா இங்கதான் ஒரு சிக்கல். காத்தை அமுக்கினா சூடாகும். சைக்கிள் பம்பு அடிக்கிறப்ப அடிப்பக்கம் கை வெச்சுப் பாத்திருப்பீங்க. சூடான காத்து விரிஞ்சிடும், அப்புறம் அமுக்கினதுக்குப் பாதி பலன்தான். அதனால நடுவுல ஒரு குளிர்விப்பான் வேணும். அதுதான் இன்டர்கூலர். இரண்டாம் உலகப் போர் சமயத்து பி-17 குண்டுவீச்சு விமானங்கள்ல அது இருந்துச்சு. பி-38 போர் விமானத்துல முதல்ல இறக்கையோட முன்விளிம்புக்குள்ள வெச்சாங்க. சரிப்படலை. அப்புறம் எஞ்சினுக்குக் கீழ மாத்தினாங்க.

லாரிக்கு டர்போ வந்தது 1938ல, ஸ்விட்சர்லாந்தின் சாரர் கம்பெனி மூலமா. 1954ல வோல்வோ தன்னோட டைட்டன் லாரியில டர்போ வெச்சு 150ஐ 185 குதிரைத்திறன் ஆக்குச்சு. 1973 எண்ணெய் நெருக்கடியில டீசல் விலை ஏறினதும்தான் லாரி உலகம் டர்போ பக்கம் நிஜமாவே திரும்புச்சு. அப்புறம் புகைக் கட்டுப்பாடு விதிகள் வந்து இன்டர்கூலரையும் கட்டாயமாக்கின மாதிரி ஆயிடுச்சு. நம்ம ஊர்ல 1993ல டாடாவும் கம்மின்ஸும் சேர்ந்து ஜாம்ஷெட்பூர்ல எஞ்சின் கம்பெனி ஆரம்பிச்சாங்க. 2000ல புகை விதி, 2005ல நாடு முழுக்க பாரத் ஸ்டேஜ் 2, 2010ல 3, 2020ல 6னு ஒவ்வொண்ணா வர வர, டர்போவும் இன்டர்கூலரும் இல்லாத பெரிய லாரியே புதுசா வர்றதில்லைங்கிற நிலைமை.

சரி, நம்ம ஓஸுக்கு வருவோம். இன்டர்கூலர் ரேடியேட்டருக்கு முன்னாடி சேஸிஸோட அசையாம நிக்கும். எஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல ஆடிக்கிட்டே இருக்கும். நடுவுல இரும்புக் குழாய் வெச்சா ஒரே மாசத்துல விரிசல் விட்டுடும். அதனால வளையுற ரப்பர் ஓஸ்தான் வழி. அதை ரெண்டு முனையிலும் பிடிக்கிறது கிளிப்.

அந்தக் கிளிப்புக்கும் ஒரு சரித்திரம் இருக்கு. இங்கிலாந்தின் கடற்படையில இருந்த கமாண்டர் லம்லி ராபின்சன் 1921ல, ஸ்க்ரூவைத் திருகினா தகட்டுல இருக்கிற வெட்டுகளைப் பிடிச்சு இழுக்குற மாதிரி ஒண்ணைச் செஞ்சு காப்புரிமை வாங்கினார். ஜூபிலி கிளிப்னு பேரு. இன்னிக்கும் தெருமுனை ஸ்பேர் பார்ட்ஸ் கடையில கிடைக்கிற கிளிப்பெல்லாம் அதோட வாரிசுதான். தண்ணி ஓஸுக்கு அருமையான சாமான். டர்போ ஓஸுக்குத்தான் அதால தாக்குப்பிடிக்க முடியலை.

ஏன்னு ஒரு சின்னக் கணக்கு. 100 மில்லிமீட்டர் ஓஸ், உள்ள 1.5 பார் பூஸ்ட்டுன்னு வெச்சுக்குங்க. குழாயிலிருந்து ஓஸைக் கழட்டப் பார்க்கிற விசை சுமார் 120 கிலோ. ரெண்டு மூட்டை சிமெண்டுக்கும் மேல! ஏத்தத்துல ஆக்ஸிலேட்டரை மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் இந்த இழுப்பு. அதோட சூடு வேற. வெளிக்காத்து 25 டிகிரின்னா டர்போவை விட்டு வெளிய வர்றப்ப 150 பக்கம் இருக்கும். மே மாசத்து 40 டிகிரின்னா 170ஐத் தாண்டும்.

சூட்டுல ரப்பர் இரும்பைவிட அதிகமா விரியும். சுத்தி கிளிப் இறுக்கிப் பிடிச்சிருக்கிறதால விரிய இடமில்லை, ரெண்டு பக்கமும் பிதுங்கும். ராத்திரி ஆறினப்புறம் சுருங்குறப்ப பழைய தடிமனுக்குத் திரும்பாது. கிளிப்பும் சுருங்காது. தினமும் இதே கதை. ஒவ்வொரு நாளும் ஒரு மயிரிழை பிடி குறையும். எஞ்சினோட பிரீதர்ல இருந்து வர்ற ஆயில் படலம் உள்ள படிஞ்சு வழுக்கலும் சேர்ந்துடும். அப்புறம் ஒரு நாள் நடுப்பகல்ல, ஏத்தத்துல, ஓஸ் நழுவ ஆரம்பிக்கும்.

மாமா வண்டியில நடந்தது இதேதான். ஓஸ் முழுசா கழண்டிருந்தா 'டப்'னு சத்தம் கேட்டு அங்கேயே தெரிஞ்சிருக்கும். அரை இன்ச்சு மட்டும் நகர்ந்து கசிஞ்சிருக்கு. காத்து குறைய, டீசல் முழுசா எரியாம கரும்புகையா போச்சு. தொப்பூர் ஏத்தத்துல ரெண்டு கியர் குறைச்சு, மிதி மிதின்னு மிதிச்சாத்தான் ஏறும். மைலேஜ் எங்க போச்சுன்னா... வானத்துல போச்சு.

கண்டுபிடிச்சவர் ஒரு பட்டறை மெக்கானிக். மாமா புலம்பினதைக் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். "ஏண்ணா, ராத்திரில வண்டி நல்லா இழுக்குதா?"

"ஆமா, விடியக்காலைல பறக்குதுப்பா. மத்தியானந்தான் படுத்துக்குது."

"அப்ப நாளைக்கு மத்தியானம் ஓட்டிட்டு சூடா கொண்டாங்க."

கொண்டு போனதும் ஓஸ் முனையைக் காட்டியிருக்கார். ஆயில் கசிஞ்சு, அதுல மண்ணு அப்பி, கருப்பா ஒரு வளையம். டர்போ வாயை அடைச்சு கம்ப்ரசர்ல காத்து கொடுத்து சோப்புத் தண்ணி ஊத்தினா, குமிழ் குமிழா வந்திருக்கு.

வைத்தியம் பெரிசா ஒண்ணுமில்லை. ஓஸைக் கழட்டி, ஓஸ் உள்பக்கத்தையும் குழாய் முனையையும் ஆயில் இல்லாம துடைச்சார். குழாய் முனையில இருக்கிற மேட்டைத் தாண்டி ஓஸ் உக்காரணும், கிளிப் அந்த மேட்டுக்கு உள்பக்கம் நிக்கணும். மேட்டு மேலயே கிளிப்பை இறுக்கிட்டு "டைட்டாத்தான் இருக்கு"ன்னு சொல்றவங்கதான் அதிகமாம். பழைய கிளிப்பைத் தூக்கிப் போட்டுட்டு ஸ்பிரிங் வெச்ச டி-போல்ட் கிளிப் மாட்டினார். ரப்பர் விரிஞ்சா ஸ்பிரிங் விட்டுக் கொடுக்கும், சுருங்கினா கூடவே இறுகும். முரட்டுத்தனமா இறுக்கவும் கூடாது. இறுக்க இறுக்க ரப்பர் பிதுங்கி, அறுந்து, இன்னும் சீக்கிரம் லூசாகும்.

அடுத்த டிரிப்புல மைலேஜ் பழையபடி வந்துடுச்சு. மாமா அந்தப் பழைய கிளிப்பை ஓனர் மேஜை மேல வெச்சிட்டு வந்தார். ஓனர் மன்னிப்பெல்லாம் கேட்கலை, பிடிச்ச பேட்டாவை மட்டும் கிளீனர்கிட்ட கொடுத்து அனுப்பினார். நாலு பேர் முன்னாடி சொன்னதை அந்த நாலு பேர் முன்னாடி திருப்பி எடுத்துக்கலையேன்னுதான் மாமாவுக்கு வருத்தம். இப்போ ரிடையர் ஆயிட்டார். இன்னிக்கும் டீக்கடை வாசல்ல லாரி நின்னா, குனிஞ்சு ஓஸ் முனையில ஆயில் வளையம் இருக்கான்னு பாத்துட்டுத்தான் டீ குடிப்பார் :-)

உங்க வீட்டுல யாராவது வண்டி ஓட்டுறவங்க இருந்தா, இல்ல வண்டிக்கு ஓனரா இருந்தா, கோடை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை கிளிப்பைப் பாக்கச் சொல்லுங்க. ஓனருங்க, மைலேஜ் குறைஞ்சா டிரைவர் சட்டையைப் பிடிக்கிறதுக்கு முன்னாடி பாருங்க. இந்த மாதிரி அநியாயப் பட்டம் வாங்கின டிரைவர் கதை உங்ககிட்டயும் இருந்தா சொல்லிட்டுப் போங்க, மாமாவுக்குப் படிச்சுக் காட்டணும்.