ஆண்மரத்தில் ஒரு கத்திப்பிடி

பிடி கழன்ற சமையல் கத்தியோடு வெள்ளகோவிலில் ஒரு தச்சுப் பட்டறைக்குப் போனேன். கருவேலத்தில் பிடி போட்டுத் தரக் கேட்டேன். "காய் நறுக்கற கத்திக்கு அதென்னத்துக்குங்க அம்மிணி? பொம்பளைங்க கைக்கு வேம்பு போதுமுங்க. கருவேலம் ஆம்பளை மரமுங்க" என்றார் பெரியவர். கேலியாகச் சொல்லவில்லை. மரத்தை ஆண், பெண் என்று முதலில் பிரித்தவரும் அவரல்லர்.

தொல்காப்பிய மரபியல் காழை, அதாவது வைரத்தை, வைத்துத் தாவரங்களைப் பிரிக்கிறது. வைரம் வெளிப்புறத்தில் இருந்தால் புல். உள்ளே இருந்தால் மரம். அப்படிப் பார்த்தால் பனையும் மூங்கிலும் புல், கருவேலமும் தேக்கும் மரம். இன்றைய தாவரவியலின் ஒருவித்திலை, இருவித்திலைப் பிரிவுக்கு இது நெருங்கியது. இதில் ஆணுமில்லை, பெண்ணுமில்லை. பின்வந்த நிகண்டுகளில்தான் அகக்காழ் உள்ளது ஆண்மரம், புறக்காழ் உள்ளது பெண்மரம், காழே இல்லாதது அலிமரம் என்றாகிறது. உறுதியற்றதைக் குறிக்க எந்தச் சொல் அவர்களுக்குக் கைகொடுத்தது பாருங்கள். வகுப்பில் இந்த இடம் வரும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒரு வருடம் சிரிக்காத ஒரு திருநங்கை மாணவி இருந்தார். அதன்பிறகு இந்தப் பாடத்தை நான் வேறுவிதமாக நடத்துகிறேன்.

நம் சமையலறைக்குப் பிடி வந்ததே அண்மையில்தான். அருவாமனைக்குப் பிடி கிடையாது. பலகையைக் காலால் அழுத்திக்கொண்டு இரண்டு கையாலும் காயை அலகுக்குக் கொண்டுபோக வேண்டும். வங்காளத்திலும் மராட்டியத்திலும் இதே கருவி உண்டு. இரு கையும் காய்க்குக் கிடைக்கிறது. ஆனால் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசைய முடியாது. விசேஷ நாளில் விடியுமுன் உட்கார்ந்த என் அம்மாயி, பந்தி தொடங்கிய பிறகுதான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுவார். பிடி போட்டதெல்லாம் கொடுவாள், கோடாரி, வாச்சி, உளி. காட்டுவேலையில் பெண்களும் களைக்கொத்தும் அரிவாளும் பிடித்தார்கள்தான். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத கூலிப் பெண்கள். அருவாமனைக்கு முன்னால் இருந்தவர்களோடு சேர்த்து இவர்களையும் ஒரே 'பெண்' என்று எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. மேடையும் கேஸ் அடுப்பும் வந்து, நின்று சமைக்கத் தொடங்கிய பிறகே கத்தி நம் கைக்கு வந்தது.

இத்தனைக்கும் இது இரும்புக்குப் பேர்போன மண். வெள்ளகோவிலுக்கு வடமேற்கே, நொய்யல் கரைக் கொடுமணலில் 1985இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழத் தொடங்கியது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய இரும்பு உருக்கிய உலைகள் வெளிப்பட்டன. அங்கே கிடைத்த இரும்புக் கருவிகளைப் பார்க்கும்போது எனக்கு மரத்தின் நினைவுதான் வருகிறது. பிடி மக்கிப்போகிறது. அதைப் பிடித்த கை பெரியதா சிறியதா என்ற சேதியும் அதனோடு போய்விடுகிறது.

பெரியவரிடம் நான் மரத்தைப் பற்றியே பேசினேன். சமையல் கத்தி நாளைக்குப் பத்து முறை நனைந்து காய்வது. ஊறிச் சுருங்கும் மரம் இரும்பை விட்டுவிடும். அதனால் நெருங்கிய, கனத்த மரம் வேண்டும். கொறங்காட்டில் வெள்வேலும் உண்டு. நான் கேட்டது கருவேலத்தின் செம்பழுப்பு வைரப்பகுதியை. வெளுத்த வெளிற்றுப்பகுதி பூச்சி துளைக்கும் என்பதால் அதைச் செதுக்கி எறிய வேண்டும். பச்சை மரத்தில் பிடி போட்டால் காயக் காயச் சுருங்கி, பூண் கழன்று விழும். மாதக்கணக்கில் நிழலில் கிடந்த துண்டுதான் சரி. அவர் ஒப்புக்கொண்டார்.

முதலில் அவர் இழைத்த பிடி அவர் கைக்கு அளவானது. என் விரல்கள் சுற்றி வரவில்லை. இரண்டு முறை இழைக்கச் சொன்னேன். மூன்றாம் முறை அவர் மனைவி வந்து பிடித்துப் பார்த்து, "இன்னுங் கொஞ்சம் எடுங்க" என்றார்.

வார்னிஷ் வேண்டாமென்றேன், புளித்தண்ணியில் உரிந்துவிடும். எண்ணெய் போதும். வெள்ளகோவில் எண்ணெய் ஆலைகளின் ஊர். ஆனாலும் தேங்காயெண்ணெயும் கடலையெண்ணெயும் இதற்கு ஆகாது. அவை காயாமல் பிசுபிசுத்து, பிறகு சிக்குவாடை அடிக்கும். ஆளிவிதை எண்ணெய்தான் காற்றுப்பட்டு இறுகும். பெயிண்ட் கடையில் விற்கும் 'காய்ச்சிய' வகையில் சீக்கிரம் உலர உலோக உப்புகள் கலந்திருப்பார்கள்; கலப்பில்லாததைக் கேட்டு வாங்குங்கள். மெல்லியதாகத் தேய்த்துத் துடைத்து, சில நாள் விட்டு மறுபடி தேய்க்க வேண்டும். தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் விரித்துக் காயவிடுங்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும்.