அம்பா: ஒரு பெயர், பல மெட்டு

அனலைதீவில் எங்கள் மூத்தவர்கள் வள்ளம் தள்ளும்போது பாடியதை 'அம்பா' என்றுதான் சொல்வார்கள். இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் முல்லைத்தீவாரும் வடமராட்சி கிழக்காரும் அதே பெயரில் வேறு மாதிரிப் பாடக் கேட்டேன். சொற்கள் வேறு, வேகம் வேறு. 'ஏலேலோ' மட்டும் பொது.

அம்பா கடற்றொழிலாளரின் வேலைப்பாட்டு. தமிழகக் கரைகளிலும் இப்பெயர் உண்டு. ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் 'ஏலேலோ', 'ஏலையிலோ' என்று சேர்ந்து சொல்வார்கள். அடி பாடப்படும்போது கை ஆறும். பதில் வரும்போது எல்லோருடைய பலமும் ஒன்றாக விழும்.

வேலை மாறினால் மெட்டும் மாறும். தண்டு வலிக்கும் அம்பா சீரான தாளத்தில் நீண்டு போகும். வள்ளம் தள்ளும் அம்பா குறுகியது, அழுத்தம் கூடியது. கரைவலை இழுக்கும்போது மெதுவாகத் தொடங்கி, மடி கரையை நெருங்க நெருங்க வேகம் ஏறும். சைவர்களின் கரையில் பிள்ளையாரும் முருகனும் வருவார்கள். கத்தோலிக்கர்களின் கரையில் மாதாவும் அந்தோனியாரும் வருவார்கள். இடையிடையே கேலியும் கிண்டலும் வரும்.

ஒரு மெட்டு இப்படிப் பல உருவெடுப்பது வேறு நாடுகளிலும் உண்டு. 'பொனபார்ட்ஸ் ரிட்ரீட்' அமெரிக்க நாட்டுப்புற வயலின் மெட்டு. பலர் அதை அணிநடை போல மெதுவாக வாசித்தார்கள். கென்டக்கியைச் சேர்ந்த வில்லியம் ஸ்டெப் துள்ளல் வேகத்தில் வாசித்தார். 1937இல் அலன் லோமாக்ஸ் அதை ஒலிப்பதிவு செய்தார். 1942இல் இசையமைப்பாளர் ஏரன் கோப்லண்ட், ஸ்டெப்பின் அந்த உருவையே 'ரோடியோ' என்ற நடன நாடகத்தில் எடுத்தாண்டார். ஒரு கிராமத்துக் கலைஞரின் வாசிப்பு உலக மேடைக்குப் போனதற்கு அந்த ஒலிப்பதிவே காரணம்.

எங்கள் கரைகளில் இயந்திரப் படகு வந்தது. பின்னர் கரைவலையை உழவு இயந்திரமும் இழுத்தது. அதற்கு முன்பே போர் வந்துவிட்டது. 1990 ஓகஸ்டில் படையினர் தீவகத்தில் இறங்கியபோது பெருந்தொகையான சனம் வெளியேறியது. கடல் தடையும் தொடர்ந்தது. ஒரு வள்ளத்தில் சேர்ந்து நின்றவர்கள் வன்னிக்கும் தமிழகத்துக்கும் கனடாவுக்கும் பிரிந்து போனார்கள். அம்பாவுக்கு அடி கொடுப்பவரும் வேண்டும், பதில் சொல்பவர்களும் வேண்டும். கூட்டம் கலைந்ததும் பாட்டும் நின்றது.

இன்னமும் நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் வீடுகளில் இருக்கிறார்கள். சொற்களை மட்டும் எழுதி வைத்தால் மெட்டு போய்விடும். கைத்தொலைபேசியில் பாட்டைப் பதியுங்கள். பதில் சொல்ல நாலு பேரைக் கூட்டி வையுங்கள். எந்தக் கரை, எந்த வேலை, யாரிடம் கேட்டுப் பழகியது என்பதையும் அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். அனலைதீவு அம்பாவும் முல்லைத்தீவு அம்பாவும் எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே பிரிகின்றன என்பதை நாளைய பிள்ளைகள் அறிய அதுதான் வழி.