ஊதாத் துணிக்குள் சுரூபங்கள்

கத்தோலிக்கத் திருச்சபையின் லத்தீன் வழிபாட்டு முறையில், உயிர்ப்புப் பெருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்னதாக வரும் ஞாயிறு தொடங்கிச் சிலுவைகளையும் சுரூபங்களையும், அதாவது இயேசு, மாதா, புனிதர் ஆகியோரின் திருவுருவங்களையும், ஊதாத் துணியால் மூடிவைப்பது பழைய வழக்கமாகும். 1544ஆம் ஆண்டின் இறுதியில் திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் 10,000 பேருக்கு மேல் திருமுழுக்குக் கொடுத்ததாகப் போர்த்துக்கீசியர் ஆதரவில் வந்த மறைபரப்பாளர் பிரான்சிஸ் சவேரியார் தம் கடிதத்தில் எழுதுகிறார். பூந்துறை, வலியதுறை, விழிஞ்ஞம் எனத் திருவனந்தபுரத்தின் கடலோர முக்குவர் பங்குகள் லத்தீன் முறையைச் சேர்ந்திருப்பதும், இவ்வழக்கம் அங்கே வந்து சேர்ந்ததும் அந்தப் போர்த்துக்கீசியத் தொடர்பின் விளைவே.

இவ்வழக்கத்தின் வேர் ஒரு திரையில் இருப்பதாகக் கருதப்படுகிறது. 9ஆம் நூற்றாண்டு முதலே ஜெர்மானிய நாடுகளில் தவக்காலம் முழுவதும் பீடத்துக்கும் மக்களுக்கும் நடுவே பெரிய திரையொன்று தொங்கியது. பெரிய வாரத்துப் புதன்கிழமை வாசகத்தில் எருசலேம் ஆலயத் திரை கிழிந்த செய்தி வரும்போது அதைக் கீழே வீழ்த்தினர். அதன் ஜெர்மன் பெயருக்குப் 'பசித்துணி' என்று பொருள். வயிற்றோடு கண்ணுக்கும் நோன்பு. பிற்கால உரைகாரர்களோ, மூடத் தொடங்கும் அந்த ஞாயிறன்று வாசிக்கப்பட்ட யோவான் நற்செய்தியில், கல்லெறிய முனைந்தவர்களிடமிருந்து இயேசு மறைந்து வெளியேறுவதையே சுரூபங்களை மூடுவதற்குக் காரணமாகக் கூறினர். பொருத்தமான விளக்கம்தான், எனினும் வழக்கம் வேரூன்றிய பின் தேடிக் கண்டதாகவே தோன்றுகிறது. பழங்காலச் சிலுவைகள் மணிகள் பதித்த வெற்றிச் சின்னங்களாதலால், துயர நாட்களில் அவற்றின் ஒளியை மறைப்பதில் பொருளிருந்தது. குருதி வழியும் பாடுபட்ட சுரூபம் பரவிய பின்னரோ, பாடுகளை நினைக்கும் நாட்களிலேயே பாடுகளின் உருவம் மறைக்கப்படும் முரண் உண்டாயிற்று.

மூடும் வேலை, மலையாளத்தில் கப்யார் எனப்படும் கோயில் பிள்ளையுடையது. முகமும் கையும் தெரியாதபடி துணி அடிவரை இறங்க, உள்ளே முட்டி நிற்கும் கிரீடத்தைக் கொண்டே அது மாதா சுரூபம் என்று அறிய வேண்டியிருக்கும். சிலுவைப் பாதைப் படங்கள் மட்டும் மூடப்படுவதில்லை. பெரிய வெள்ளியன்று குருவானவர் சிலுவையின் துணியை மூன்று கட்டமாக விலக்குவார். சுரூபங்களின் துணியோ உயிர்ப்பு விழாவின் இரவு வழிபாட்டுக்கு முன் எவ்விதச் சடங்குமின்றி அகற்றப்படும்.

திருவனந்தபுரம் லத்தீன் மறைமாவட்டம் 1937இல் உருவானபோது இவ்வாறு மூடுவது கட்டாய விதி. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் வந்த 1970ஆம் ஆண்டுத் திருப்பலி நூல் அதை ஆயர் பேரவைகளின் விருப்பத்துக்கு விட்டது. அதே நகரில் பட்டத்தில் உள்ள சீரோ மலங்கரைப் பேராலயம் அந்தியோக்கிய முறையைப் பின்பற்றுவது. பசித்துணியை நினைவூட்டும் திரைச்சீலை அங்கே ஆண்டு முழுவதும் பீடத்தின் முன் தொங்கி, வழிபாட்டின் போக்கில் திறந்து மூடுகிறது. சுரூபங்கள் அம்மரபுக்கு உரியவையல்ல என்பதால் ஊதாத் துணிக்கு அங்கே வேலையில்லை.