மனப்பாடம் போதுமா?

பராசக்தியின் வழக்குமன்றப் பேச்சை ஒரே மூச்சில் ஒப்பித்துக் கைதட்டல் பெறாத பள்ளி ஆண்டுவிழா தமிழகத்தில் எத்தனை? மிகச் சிலவே! நாமும் ஒப்பித்தோம், ஊரார் மெச்சினர், உள்ளம் பூரித்தது. ஆனால், "நீயே ஒரு காட்சி எழுது" என்றதும் பேனா நகர மறுத்தது. பேச்சு நம் நாவில் இருந்தது. அதைப் பெற்றெடுத்த கலை நம் கையில் இல்லை. ஏன்?

மன்னார்புரத்தை அடுத்த சங்கிலியாண்டபுரத்தின் வரலாற்றில் இதற்கு விடை தேடினோம். தியாகராச பாகவதர் 1959 இல் மறைந்தபோது அடக்கம் செய்யப்பட்ட மண் அது. சிவாஜி கணேசன் இளமையில் வளர்ந்த மண்ணும் அதுவே. ஒருவர் பாட்டுக் காலத்தின் மன்னர். மற்றவர் பேச்சுக் காலத்தின் முழக்கம். பாட்டிலிருந்து பேச்சுக்குத் தமிழ்த் திரை நடந்த பாதையில் எழுத்தாளர் என்ன செய்தார் என்று பார்ப்போம்.

1937 இல் பாகவதர் நடித்த அம்பிகாபதிக்கு உரையாடல் எழுதியவர் இளங்கோவன். இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கனோ தமிழறியாத அமெரிக்கர். சேக்சுபியரின் ரோமியோ-ஜூலியட் அவர்களுக்குப் பாடநூலாயிற்று. அதன் காதற் காட்சியைக் கற்ற இளங்கோவன், அதைத் தமிழ் மரபுக்கு உரியதாக்கினார். அவரே 1942 இல் கண்ணகிக்கு எழுதினார். மன்னன் அவையிலே நீதி கேட்கும் பெண்ணின் குரல் வெள்ளித்திரையில் ஒலித்தது.

அடுத்து, அறிஞர் அண்ணா. 1936 இல் வெளிவந்த அமெரிக்கப் படம் 'மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்'. ராபர்ட் ரிஸ்கின் எழுத, பிராங்க் காப்ரா இயக்கினார். எதிர்பாராமற் பெருஞ்செல்வம் பெற்ற சிற்றூர் மனிதன், பொருளாதார வீழ்ச்சியில் நொந்த உழவர்க்கு அதைப் பகிர முனைகிறான். அவனைப் பித்தன் என்று வழக்குமன்றத்தில் நிறுத்துகின்றனர்! அந்தக் கதையைத் தழுவியே 1949 இல் கலைவாணரின் நல்லதம்பி உருவாயிற்று. ஆனால், காப்ராவின் படத்திலே கிந்தனார் உண்டா? நந்தன் கோயிலுக்குப் போன கதையை, கல்வி தேடி நகருக்குப் போகும் கிந்தன் கதையாக்கிய காலட்சேபம் நம் மண்ணின் புண்ணுக்கு இட்ட மருந்தன்றோ!

அதே ஆண்டில் வேலைக்காரி. அதிலும் வழக்குமன்றம் உண்டு. மறுஆண்டு, கலைஞர் எழுதிய மந்திரிகுமாரி. கொல்லத் துணிந்த கணவனை மலையிலிருந்து தள்ளும் குண்டலகேசியின் கதைக் கருவை எடுத்த அவர், அந்தக் கொடியவனை இராசகுருவின் மகனாக்கினார். பழங்கதை, புரோகித ஆதிக்கத்தின் மீது தொடுத்த வழக்காயிற்று.

பின்னர்தான் 1952 அக்டோபர் 17 இல், பாவலர் பாலசுந்தரத்தின் நாடகத்தைத் தழுவிப் பராசக்தி வந்தது. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கினர். கணேசனுக்கு அதுவே முதற்படம். குணசேகரன் கூண்டில் நிற்கும் முன் நடந்தவற்றை எண்ணுங்கள். தங்கை கல்யாணி கணவனை இழக்கிறாள். இட்லி விற்று வாழ முயல்கிறாள். செல்வரும் பூசாரியும் அவளை வேட்டையாடுகின்றனர். பசிக்கு அஞ்சிப் பெற்ற குழந்தையை ஆற்றில் வீசுகிறாள். அனைத்தையும் கண்ணாரக் கண்டவர் யார்? கொட்டகையில் இருந்த நாம்! சாட்சிகள் அனைவரையும் விசாரித்து முடித்த பிறகே வழக்குரை தொடங்குகிறது. கூண்டில் நின்ற கல்யாணிக்கு நீதி சொல்ல அமர்ந்தவரோ அவளுடைய மூத்த அண்ணன். நாம் அறிந்த உறவை அவர் அறியார். அந்த அறியாமையே காட்சியைத் தகிக்க வைக்கிறது.

முன் காட்சிகளை நீக்கிவிட்டு அந்தப் பேச்சை மட்டும் கேளுங்கள். சந்தம் இருக்கும்; சான்று இராது. அதனால்தான் மனப்பாடம் செய்த நமக்கு எழுத வரவில்லை. கூரையைத் தூக்கி வந்தோம். சுவரை அங்கேயே விட்டுவிட்டோம்.

ஆகவே, கதைவசன ஏட்டைப் படிக்கும் முறையை மாற்றிக்கொண்டோம். படத்தையும் ஏட்டையும் அருகருகே வைத்தோம். ஒவ்வொரு காட்சிக்கும் மூன்று கேள்விகள்: இவர் எதை விரும்புகிறார்? தடுப்பது எது? பார்ப்போர் அறிந்து, பாத்திரம் அறியாதது எது? விடைகளை எழுதியபோது, சொல்லழகுக்குள் மறைந்திருந்த எலும்புக்கூடு தெரிந்தது. பேச்சே இல்லாத காட்சிகளும் பேசின.

இது திரைக்கு மட்டுமா பொருந்தும்? நம் மேடைக்கும் பொருந்தும். மடமையைச் சாடும் சொற்களை நம்மில் பலர் ஒப்பிக்கிறோம். ஆனால், கேட்பவர் தம் கண்ணால் கண்ட கொடுமையை முதலில் அவர் முன் நிறுத்துகிறோமா? நிறுத்தாவிடில், நம் முழக்கமும் மந்திரமாகிவிடும். பொருளறியாது மந்திரம் ஓதுவதைக் கேலி செய்யும் நாம், பொருளறியாது வசனம் ஓதலாமா?

அண்ணாவும் கலைஞரும் இளங்கோவனும் மாணவராக இருந்தே ஆசான்களாயினர். கற்றதை அவர்கள் ஒப்பிக்கவில்லை. கற்றதைக் கொண்டு தம் காலத்தின் அநீதியைக் கூண்டில் ஏற்றினர். நம் காலத்தின் அநீதி இன்னும் கூண்டுக்கு வெளியே உலவுகிறது. அதன்மீது வழக்குத் தொடுக்க, தோழர்களே, கற்போம், பிறகு எழுதுவோம்!