சுகர் இருந்தா மூளையும் பாதிக்குமா? இன்சுலினுக்கும் மூளைக் கொழுப்புக்கும் என்ன தொடர்பு?

இன்சுலின் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ரத்த சர்க்கரைதான். ஆனா அதே இன்சுலின் மூளையிலும் வேலை பார்க்குது. அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் மூளையில் இருப்பது 1978-லேயே கண்டறியப்பட்டது.

மூளையில் கொழுப்பா?

ஆமாம். தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்த்தால், மூளையின் எடையில் பாதிக்கும் மேல் கொழுப்புதான். உடல் எடையில் வெறும் 2% உள்ள மூளையில், உடலின் மொத்த கொலஸ்ட்ராலில் சுமார் 20% இருக்கிறது. ஒயர் மேல இருக்குற பிளாஸ்டிக் உறை மாதிரி நரம்பு இழைகளைச் சுற்றியிருக்கும் மையலினுக்கும், நரம்பு செல்கள் சிக்னல் கடத்தவும் இது அவசியம்.

சாப்பாட்டில் இருந்து கிடைக்குதா?

இல்லை. ரத்தத்தில் உள்ள கொலஸ்ட்ரால் மூளைக்குள் போகாமல் ஒரு தடுப்பு இருக்கிறது. அதனால் தேவையானதை மூளையே தயாரிக்கிறது. முட்டை, நெய் அதிகம் சாப்பிட்டால் மூளைக் கொலஸ்ட்ரால் கூடாது.

இன்சுலின் என்ன செய்யுது?

அமெரிக்காவின் ஜோஸ்லின் நீரிழிவு மையத்தில் ரொனால்டு கான் குழு, 2010-ல் எலிகளை வைத்து ஆய்வு முடிவை வெளியிட்டது. இன்சுலின் குறைந்த எலிகளில், கொலஸ்ட்ரால் தயாரிப்பை இயக்கும் எஸ்ஆர்இபிபி-2 என்ற புரதமும், மூளையின் கொலஸ்ட்ரால் தயாரிப்பும் குறைந்தன. மூளைக்குள் இன்சுலின் செலுத்தியதும் அந்தப் புரதம் மீண்டும் அதிகரித்தது.

இன்னொரு வேலையும் இருக்கு. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் இன்சுலின், 'சாப்பிட்டது போதும்' என்ற சிக்னலுக்கு உதவுகிறது. அங்கிருந்து நரம்புகள் வழியாக, உடல் கொழுப்பு கரைவதையும் கட்டுப்படுத்துவது எலிகளில் தெரியவந்தது.

மறதி நோய் வருமா?

டைப் 2 சுகர் உள்ளவர்களுக்கு மறதி நோய் அபாயம் மற்றவர்களைவிட அதிகம். ஆனால் எல்லோருக்கும் வரும் என்று அர்த்தமில்லை. ரத்தக்குழாய் பாதிப்பும் ஒரு முக்கியக் காரணம். அல்சைமரை 'டைப் 3 சுகர்' என்று சிலர் சொல்வாங்க. அது அங்கீகரிக்கப்பட்ட நோய்ப் பெயர் அல்ல. மூக்கு வழியாக இன்சுலின் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்விலும் (2020) எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை.

கவனிக்க வேண்டியவை:

* சுகர், பிபி, கொலஸ்ட்ரால் மூன்றையும் கட்டுக்குள் வைங்க.
* சுகர் ரொம்பக் குறைவதும் மூளைக்கு ஆபத்து. சாப்பாட்டைத் தவிர்க்காதீங்க.
* மூளைக்குக் கொலஸ்ட்ரால் வேணும்னு நினைத்து, டாக்டரைக் கேட்காமல் கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தாதீங்க.
* மறதி திடீர்னு அதிகமானால் உடனே டாக்டரைப் பாருங்க.